"புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிப்பு": புலனச் செய்திக்கும் மாத்திரைக்கும் உள்ள தூரம்

புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள் என்ற செய்தி அடிக்கடி புலனத்தில் வலம் வருகிறது. சில வேளைகளில் அது முழுப் பொய். பல வேளைகளில் பொய் இல்லை. ஆனால், ஆய்வுக்கூடத்தின் முதல் படியைக் கடைசிப் படிபோல் சொல்லிவிடுகிறது. நோயாளி இருக்கும் வீட்டுக்கு இந்த இரண்டாவது வகைதான் ஆபத்து.

அந்த முதல் படி, சலித்தெடுக்கும் வேலை. மாத்திரையாக விழுங்கவும் உயிரணுவுக்குள் நுழையவும் ஏற்ற சிறிய வேதிப்பொருள்களைச் சிறு மூலக்கூறுகள் என்கிறார்கள். பெரிய மருந்து நிறுவனங்களிடம் இவை லட்சக்கணக்கில் உள்ளன. உள்ளங்கை அகலத் தட்டு ஒன்றில் 384 குழிகள். குழிதோறும் புற்றுநோய் உயிரணுக்கள். இயந்திரக் கை குழிக்கு ஒரு மூலக்கூறாகச் சொட்டுகிறது. எந்தக் குழியில் உயிரணுக்கள் சாகின்றன என்று பார்க்கிறார்கள். குழிக்குள் கொல்வது பெரிய வித்தையல்ல. துணி வெளுக்கும் திரவத்தை ஊற்றினாலும் சாகும். நல்ல உயிரணுக்களை விட்டுவைக்குமா, கல்லீரல் தாங்குமா என்பதுதான் கேள்வி. மனிதர்களிடம் சோதிக்கும் கட்டம்வரை வந்தவற்றிலேயே ஏறக்குறைய பத்தில் ஒன்பது தோற்றுவிடுகின்றன.

அண்டை நாட்டு உதாரணமே இருக்கிறது. சிங்கப்பூரின் ஏ-ஸ்டார் ஆய்வு அமைப்பும் டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியும் உருவாக்கிய இடிசி-159, பொது நிதியில் உருவாகி மனிதச் சோதனைக்குச் சென்ற முதல் சிங்கப்பூர்த் தயாரிப்புப் புற்றுநோய் மருந்து. பெருங்குடல், சூலகம், கணையம் ஆகியவற்றின் சிலவகைப் புற்றுகளை வளரத் தூண்டும் ஒரு சமிக்ஞையை அது அடைக்கிறது. முதல் நோயாளிக்கு அது கொடுக்கப்பட்டது 2015 ஜூனில். சிக்கல் என்னவென்றால், எலும்புக்கும் அதே சமிக்ஞை தேவை. அதனால் சோதனையில் எலும்பைக் காக்கும் மருந்தும் சேர்த்தே தர வேண்டியிருந்தது. பத்தாண்டு ஆகியும் அது விற்பனைக்கு வரவில்லை. இது தோல்விக் கதையல்ல, வழக்கமான வேகமே இதுதான். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம் ஒரு லட்சத்துக்கும் அதிகமான தாவரச் சாறுகளைச் சலித்தபோது கிடைத்த டாக்சோலுக்கு, மரப்பட்டை சேகரித்தது 1962-இல். அனுமதி கிடைத்தது 1992-இல்.

"அப்படியானால் மருந்து செடியில்தானே இருக்கிறது, நாமே அரைத்துக் குடிக்கலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. பெலாலாய் காஜா இலைக்கு நம் ஊரில் இருக்கும் மவுசு அப்படி வந்ததுதான். இவர்கள் நித்திய கல்யாணியின் கதையை அறிவது நல்லது. லயத்து வாசலிலும் இடுகாட்டிலும் தானாகப் பூக்கும் அதே செடிதான். ஜமைக்காவில் நீரிழிவுக்கு அதன் இலையைக் கொதிக்கவைத்துக் குடிக்கிறார்கள் என்று கேட்டு, 1950-களில் கனடா ஆய்வாளர்கள் அதைச் சோதித்தார்கள். சர்க்கரை குறையவில்லை. சாற்றை ஊசியாக ஏற்றியபோது எலிகளின் வெள்ளணுக்கள் சரிந்தன. கிருமி தொற்றி அவை இறந்தன. வெள்ளணுக்களை வீழ்த்தும் பொருள் இரத்தப் புற்றுக்கு உதவலாமே என்று தோன்றியது அங்கேதான். வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் இரண்டும் இந்தச் செடி தந்தவை. குழந்தைகளின் இரத்தப் புற்றுக்கு இன்றும் வின்கிரிஸ்டின் ஏற்றப்படுகிறது, மில்லிகிராம் கணக்கில் அளந்து. சில கிராம் பிரித்தெடுக்கவே டன் கணக்கில் இலை வேண்டும். கைப்பிடி இலைக் கஷாயத்தில் மருந்து எவ்வளவு, நஞ்சு எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது.

மலேசியாவில் கண்டறியப்படும் புற்றுநோய்களில் பாதிக்கும் மேல் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் தெரியவருகின்றன. அதற்குப் பயம், வேலை, பயணத் தூரம் எனப் பல காரணங்கள். சாறு குடித்துப் பார்ப்போம் என்று தள்ளிப்போட்ட மாதங்களும் அதில் அடங்கும். அரசாங்க மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்கக் குடிமக்களுக்கு 5 வெள்ளிதான். சாறு குடிப்பவர்கள் அதை அங்கே மறைக்காமல் சொல்வது அவசியம். கீமோவுக்கு முந்திய இரத்தப் பரிசோதனையில் கல்லீரல் அளவு ஏறியிருந்தால், மருத்துவர் முதலில் தேடுவது அதற்கான காரணத்தைத்தான்.