சோதித்த அறிக்கை எங்கே?



மலேசியாவில் கைலிக்கு இன்றும் ‘கைன் பெலிகாட்’ என்றுதான் பெயர். அந்தப் பெலிகாட் வேறெதுவுமல்ல, நம் பழவேற்காடுதான்! கடல் தாண்டித் தன் பெயரைக் கொண்டுபோய்ச் சேர்த்த அந்த ஊருக்கு இன்று சென்று, ‘உங்கள் குடிதண்ணீரில் என்ன கலந்திருக்கிறது?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘உப்பு’ என்பார்கள். வேறென்ன என்று மேலும் கேட்டால் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

ஜமீலாபாத், கூனங்குப்பம், லைட் ஹவுஸ் குப்பம் என்று ஏரியையும் கடலையும் நம்பி வாழும் மக்களுக்குத் தெற்கே என்னென்ன இருக்கின்றன? அத்திப்பட்டிலும் வல்லூரிலும் அனல்மின் நிலையங்கள். செப்பாக்கத்தில் சாம்பல் குளம். எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள். அதற்கும் தெற்கே மணலி ஆலைகள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியின் எண்ணெய்க் கழிவு கொசஸ்தலை ஆற்றில் இறங்கி, எண்ணூர் மீனவனின் வலையையும் படகையும் கறுப்பாக்கியதை நாடே பார்த்தது. அந்த எண்ணூரையும் பழவேற்காட்டையும் இணைப்பது பக்கிங்காம் கால்வாய். காட்டுப்பள்ளியில் 2010ல் திறக்கப்பட்ட ஆலை கடல்நீரிலிருந்து நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் எடுக்கக் கட்டப்பட்டது. யாருக்கு? சென்னைக்கு!

நிலக்கரிச் சாம்பலில் ஆர்செனிக் உண்டு, குரோமியம் உண்டு. குரோமியத்தில் இரண்டு வகையை நாம் அறிந்திருக்க வேண்டும். மூன்றாம் நிலைக் குரோமியம் அவ்வளவு கொடியதல்ல. ஆறாம் நிலைக் குரோமியம் எமன். மூச்சில் போனால் நுரையீரல் புற்றுநோய் என்பது நிரூபணமான விஷயம். 2008ல் அமெரிக்க அரசின் ஆய்வில் அதைத் தண்ணீரில் கலந்து கொடுத்தபோது எலிகளுக்கு வாயிலும் சுண்டெலிகளுக்குச் சிறுகுடலிலும் புற்று வந்தது. சிறிய அளவில் இருந்தால் நிறம் காட்டாது, ருசி காட்டாது. கொதிக்க வைத்தாலும் போகாது.

அப்படியானால் எப்படிக் கண்டுபிடிப்பது? சோதித்துத்தான்! ஆனால் கிராமத்துக்கு வரும் சோதனைப் பெட்டி எதைப் பார்க்கிறது? கார அமிலத் தன்மை, கடினத்தன்மை, குளோரைடு, புளோரைடு, நைட்ரேட், இரும்பு. அதில் தேறிவிட்டால் ‘நல்ல தண்ணீர்’ என்று முத்திரை. தேடாத திருடன் எப்படி அகப்படுவான்?

நமது நாட்டின் குடிநீர்த் தரநிர்ணயமும் மொத்தக் குரோமியத்துக்குத்தான் அளவு வைத்திருக்கிறது: லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். ஆறாம் நிலைக்கென்று தனி அளவு இல்லை. கலிபோர்னியா 2024ல் ஆறாம் நிலைக்கு மட்டும் 0.01 மில்லிகிராம் என்று தனிச்சட்டம் போட்டது. அங்கே ஹிங்க்லி என்ற சிற்றூரின் கிணறுகளைக் கெடுத்த நிறுவனம் 1996ல் 33 கோடியே 30 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. நம் ராணிப்பேட்டையில் நடந்தது என்ன? தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் ஆலை தொண்ணூறுகளின் நடுவில் மூடப்பட்டது. ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவை அப்படியே குவித்துவிட்டுப் போனது. மழை பெய்யப் பெய்ய அது நிலத்தடியில் இறங்கியது. ஆலை போய்விட்டது, விஷம் தங்கிவிட்டது.

இங்கே ஒரு கசப்பான பேச்சைப் பேசியாக வேண்டும். வணிகப் பெருமக்கள் கோபித்துக்கொண்டாலும் சரி! அந்த ஆலையின் சரக்கை வாங்கியது யார்? தோல் தொழில். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, திண்டுக்கல் என்று அத்தொழிலில் நம்மவர்களின் பங்கு எவ்வளவு என்று ஊருக்கே தெரியும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்து, ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதித்தபோது, ‘இது நம் சமுதாயத்தின் பிழைப்பில் மண் போடும் சதி’ என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. பாலாற்றங்கரையில் அந்தக் கிணற்று நீரைக் குடித்தவர்களில் நம் சமுதாயத்துப் பிள்ளைகள் இல்லையா? துறைமுக முதலாளியைப் பார்த்து ‘கணக்குக் காட்டு’ என்று முழங்கும் நாம், நம் சொந்த ஷாப்பின் கழிவுநீர்க் குழாயைப் பற்றி வாய் திறக்காவிட்டால் நம் பேச்சை எவன் மதிப்பான்?

அதே தீர்ப்பில் இளைஞர்கள் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி இருக்கிறது. திண்டுக்கல் பகுதியில் 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு கிணறு கிணறாக ஏறி இறங்கியது. 467 கிணறுகளில் 350 கெட்டிருப்பதாக எழுதி வைத்தது. அந்தக் கணக்கு உச்சநீதிமன்றத் தீர்ப்பிலேயே இடம்பெற்றது! அரசாங்கம் வந்து எண்ணட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

பழவேற்காட்டில் ஏன் அது முடியாது? ஜமாஅத்தும் மீனவப் பஞ்சாயத்தும் கடைத்தெரு வியாபாரிகளும் கூடினால் போதும். பள்ளிவாசல் போர்வெல், கோயில் கிணறு, பள்ளிக்கூடக் குழாய், குப்பத்துக் கைப்பம்பு என்று இடத்துக்கு இரண்டு பாட்டில். உலோகங்களை மொத்தமாகப் பார்க்கும் பாட்டிலில் ஆய்வகம் தரும் அமிலம் சேர்க்க வேண்டும். ஆறாம் நிலைக் குரோமியத்துக்கான பாட்டிலில் அமிலம் கூடாது, சேர்த்தால் ஆறு மூன்றாகிவிடும், குற்றவாளி தப்பிவிடுவான். அதை ஐஸில் வைத்து 24 மணி நேரத்துக்குள் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். மீனுக்கு ஐஸ் போடத் தெரிந்த ஊருக்கு ஒரு பாட்டிலுக்கு ஐஸ் போடத் தெரியாதா? ஒரு நிக்காஹ் பந்தலின் சீரியல் விளக்குச் செலவைச் சுருக்கினாலே தொடங்கிவிடலாம். கோடையில் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை. ஒரே தடவை பார்த்து ஓய்ந்துவிடுவது சோதனையல்ல, சடங்கு.

அதோடு பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒரு மனுப் போடுங்கள். சாம்பல் குளத்தைச் சுற்றியும் பழவேற்காடு வரையிலும் எந்தெந்தக் கிணற்றில், எந்தத் தேதியில், குரோமியமும் ஆர்செனிக்கும் சோதிக்கப்பட்டன? அளவு என்ன? நகல் தருக. மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூடும். வந்த பதிலையும் நீங்கள் எடுத்த அறிக்கையையும் அங்கே ஒன்றாக வாசித்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். ‘அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்’ என்பார்கள். கையெழுத்து விழும்வரை எழுந்து வராதீர்கள்.