தரகரில்லாச் சந்தையில் தரகர்கள்

மதுரையில் 14-11-1999 அன்று முதல் உழவர் சந்தை திறந்ததன் நோக்கம் ஒன்றே: விளைவிப்பவனுக்கும் வாங்குபவனுக்கும் நடுவே தரகன் கூடாது. விவசாயிக்கு அடையாள அட்டை, தராசு. பலகையில் அன்றைய விலை.

தேர்தல் வந்தால் பல்லாவரம் சந்தை வாசலில் நம் எழுத்தாள நண்பர்கள் துண்டுப்பிரசுரத்துடன் நிற்கிறார்கள். நிற்கட்டும், அரசியலைத் தீட்டென்று ஒதுங்கும் தூய இலக்கியவாதியைவிட இவர்கள் மேல். ஆனால், முதல் பஸ்ஸில் கூடை ஏற்ற விடவில்லை என்று கீரைக்காரி சொன்னால் அது கட்சிக்குப் போய்ச் சேருமா? கட்சியின் வாசகம் இங்கே இறங்குகிறது. இங்கிருந்து எதுவும் ஏறுவதில்லை. 2001இல் ஆட்சி மாறியபின் பல சந்தைகள் கவனிப்பாரற்றுக் கிடந்தபோது இவர்கள் ஒரு வரியும் எழுதவில்லை.

கத்தரிக்காய்க்கே தரகன் வேண்டாமென்ற இடத்தில் வாக்குக்கு மட்டும் எதற்கு?