நம்பர் வேண்டாம், எம்எம் சொல்லுங்கள்!

பி.காம் படிப்பவர்களுக்கு கம்பெனி சட்டத்தில் ஒரு ஊசி வழக்கு வரும். நீலகிரி கேத்தியில் 1949-ல் ஆரம்பித்த நீடில் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியின் பங்குச் சண்டை. 1981-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன வழக்கு. ஃபெரா, ரைட்ஸ் இஷ்யூ எல்லாம் மனப்பாடமாக ஒப்பிக்கும் வகுப்பில், "8-ம் நம்பர் பின்னல் ஊசி எவ்வளவு தடிமன்?" என்று கேட்டால் எல்லோரும் முழிப்பார்கள்.

முழிப்பதில் தப்பில்லை. தப்பு அந்த நம்பரில்தான் இருக்கிறது!

பழைய பிரிட்டிஷ் கணக்கில் 8-ம் நம்பர் என்றால் 4 எம்எம். அமெரிக்கக் கணக்கில் அதே 8, 5 எம்எம். 10-ம் நம்பரோ அங்கே 3.25, இங்கே 6! பிரிட்டிஷ் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும், அமெரிக்க நம்பர் ஏற ஏற தடிக்கும். இரண்டும் ஒத்துப்போவது 7-ல் மட்டும்தான் (4.5 எம்எம்).

தலைகீழ்க் கணக்கு தேனிக்குப் புதிதில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் தோட்டத்து மோட்டாருக்கு காயில் கட்டுகிறவரிடம் கேட்டால், கேஜ் நம்பர் கூடினால் கம்பி மெல்லிசு என்பார். பழைய பிரிட்டிஷ் ஊசி நம்பரும் அந்தக் கம்பிக் கணக்கோடு ஏறக்குறைய ஒத்துப்போகும். ஆண்டிபட்டிப் பக்கத்து நெசவாளிக்கு 40-ஐ விட 80 கவுண்ட் நூல் மெல்லிசு என்று தெரியும். ஒரு பவுண்டு நூலில் 840 கஜச் சிட்டம் எத்தனை என்பதுதான் கவுண்ட். ஆனால் அந்தத் தொழில்களில் கேட்பவருக்கும் கொடுப்பவருக்கும் ஒரே கணக்கு. ஊசியில் ஒரே நம்பருக்கு இரண்டு அர்த்தம்.

இதனால் யாருக்கு நஷ்டம்? போடியில் ஒரு பெண் ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்து நாலு காசு பார்க்க நினைக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். யூடியூபில் பார்க்கும் அமெரிக்க மாடல் 8-ம் நம்பர் ஊசி கேட்கிறது. கடையில் 8 என்று கேட்டால் 4 எம்எம் ஊசி வருகிறது. 10 செ.மீ.க்கு 18 கண்ணி விழ வேண்டிய இடத்தில் 20 விழுந்தால் போதும், 90 கண்ணி போட்ட துணி 50 செ.மீ.க்குப் பதில் 45 தான் வரும். நாள் கணக்கில் பின்னியதைப் பிரிக்க வேண்டியதுதான். கடைசியில் கெட்ட பெயர் நம்பருக்கு வராது. "அவளுக்குக் கை சரியில்லை" என்பார்கள்!

"வெயில் ஊரில் ஸ்வெட்டர் யாருக்கு?" என்று சிலர் சிரிக்கலாம். மேகமலை எஸ்டேட்டிலும் போடிமெட்டிலும் ஒரு மார்கழி விடியலில் நின்று பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும்.

"கைக்குக் கை இறுக்கம் மாறும், அப்புறம் அளவு எதற்கு?" என்பது அடுத்த வாதம். மாறும்தான். அதனால்தான் முதலில் ஒரு சின்னத் துண்டு பின்னி 10 செ.மீ.யில் எத்தனை கண்ணி என்று எண்ணச் சொல்கிறார்கள். கண்ணி கூடினால் கொஞ்சம் தடித்த ஊசி, குறைந்தால் மெல்லிய ஊசி. ஆனால் கையில் இருப்பது எத்தனை எம்எம் என்றே தெரியாமல் எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது?

மெட்ரிக் அளவைச் சட்டம் இந்த நாட்டுக்கு வந்தது 1956-ல். இப்போது இருப்பது 2009-ம் வருடத்து எடையளவுச் சட்டம். அரிசி கிலோவில், துணி மீட்டரில். பூ மட்டும் இன்னும் முழம். அதிலும் பூக்காரம்மாவின் கை கண்ணெதிரே நீளுகிறது. வெறும் நம்பர் சொல்லி உதிரியாக விற்கும் ஊசியில் அதுகூட இல்லை.

கடைக்காரர்கள் எம்எம் சொல்லி விற்கட்டும். வாங்குபவர்களும் நம்பர் கேட்பதை நிறுத்தட்டும். வீட்டில் கிடக்கும் பழைய ஊசிக்கு அளவு தெரியவில்லையா? பிளஸ் ஒன் லேபில் மார்க்குக்காகப் பிடித்த வெர்னியர் காலிப்பரை ஒரு தடவை உருப்படியாகப் பயன்படுத்தலாமே!