சிறு முற்றத்துக்கு ஏற்ற ரோஜா

ஐப்பசி பிறந்ததும் தில்லியில் வெயிலின் கடுமை தணிந்து, காலை வேளையில் இளங்குளிர் தலைகாட்டுகிறது. புதிய ரோஜாச் செடி நடுவதற்கும் பழைய செடியைக் கத்தரிப்பதற்கும் இதுவே தக்க பருவம். இவ்வாண்டு ஒரு செடியேனும் வைக்க வேண்டுமென்று எண்ணும் அன்பர்களுக்கு முதலில் எழும் ஐயம், உரத்தைப் பற்றியதோ பூச்சியைப் பற்றியதோ அன்று. 'பள்ளிக்கூடம் மூடியதும் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டுவிடுவோம். வைகாசி வெயிலில் செடி பிழைக்குமா?' என்பதே அது. நியாயமான கேள்வி. எந்த ரோஜாவைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில் பாதி விடையும், புறப்படுமுன் என்ன செய்கிறோம் என்பதில் மறுபாதியும் அடங்கியிருக்கின்றன.

நர்சரிக்குச் சென்றால் முதலில் கண்ணைக் கவர்வது, நீண்ட காம்பில் ஒற்றைப் பூவாகப் பெரிதாய் மலரும் 'ஹைபிரிட் டீ' வகைதான். 1867-இல் பிரான்சில் தோன்றிய 'லா பிரான்ஸ்' என்னும் ரோஜாவை இவ்வினத்தின் முதற்செடியாகக் கொள்வது வழக்கம். கண்காட்சிகளில் பரிசு பெறும் பூ இது. உரமும் மருந்தும் கத்தரிப்பும் காலந்தவறாது கேட்கும் செடியும் இதுவே. நாலடி முற்றமும் ஞாயிறு ஒருநாள் ஓய்வும் உடைய குடும்பத்துக்கு இஃது ஒரு சுமையாகவே முடியும்.

நமக்கு ஏற்றவை மூன்று வகைகள். முதலாவது பாலியாந்தா. 1875-இல் பிரான்சின் லியோன் நகரத்தவரான கியோ என்பவர் வெளியிட்ட செடியிலிருந்து இவ்வினம் தொடங்கிற்று. இரண்டடி உயரத்தில் புதராகப் படர்ந்து, சிறு பூக்களைக் கொத்துக் கொத்தாகத் தருவது இது. 1932-இல் வெளிவந்த 'தி ஃபேரி' என்னும் இளஞ்சிவப்பு ரோஜா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இரண்டாவது, பாலியாந்தாவையும் ஹைபிரிட் டீயையும் கலந்து டென்மார்க்கின் பவுல்சன் குடும்பத்தார் வளர்த்தெடுத்த புளோரிபண்டா. ஜெர்மனியிலிருந்து 1958-இல் வந்த வெண்ணிற 'ஐஸ்பெர்க்' இவ்வகையினது. மூன்றாவது, ஓரடி உயரமே வளர்ந்து பால்கனித் தொட்டியில் அடங்கிவிடும் பட்டன் ரோஜா. இவற்றில் நறுமணம் குறைவு என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் பூசைத் தட்டுக்கும் பெண்களின் கூந்தலுக்கும் வேண்டியது தினம் நாலு பூ அல்லவா? அதை இவை மார்கழி முதல் பங்குனி வரை தட்டாமல் தரும்.

ரோஜாவைப் பொறுத்தவரை தில்லிவாசிகளாகிய நாம் பேறு பெற்றவர்கள். பூசாவிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் இயக்குநராக 1950 முதல் 1965 வரை விளங்கிய டாக்டர் பி.பி. பால், துரு நோயைத் தாங்கும் கோதுமை வகைகளுக்காகப் புகழ் பெற்றவர். அவருடைய மற்றொரு காதல் ரோஜாவின்மீது. அடர்ந்த இளஞ்சிவப்பு நிறமுள்ள 'டெல்லி பிரின்சஸ்' (1963), சாக்கலேட் நிறமுள்ள 'மோகினி' ஆகிய புளோரிபண்டாக்கள் அவர் உருவாக்கியவை. இந்திய ரோஜாவைக் குறித்து 1966-இல் ஒரு நூலும் எழுதினார், 1989-இல் காலமானார். அவருக்குப் பின் பூசாவின் பொறுப்பை ஏற்றவர், கும்பகோணத்தில் பிறந்த நம் எம்.எஸ். சுவாமிநாதன். இவ்வூர் வெயிலிலேயே பிறந்து, இவ்வூர் வெயிலிலேயே தேர்ந்தெடுக்கப்பட்ட செடிகளை நர்சரியில் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குவது நன்று.

இனி, வாங்கும்போது கவனிக்க வேண்டிய முக்கியச் செய்தி ஒன்று. நர்சரியில் கிடைப்பவற்றுள் பெரும்பாலானவை ஒட்டுச் செடிகள். வேர் ஒரு காட்டு ரோஜாவினுடையது. அதன் தண்டில் நல்ல ரோஜாவின் மொட்டை ஒட்டியிருப்பார்கள். ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பும் போத்தை அவ்வப்போது அடியோடு பறிக்காவிட்டால், அதுவே செழித்து மேற்செடியை அழித்துவிடும். கோடையில் மேற்செடி கருகி வேர் மட்டும் பிழைத்தாலோ, மழைக்குப் பின் துளிர்ப்பது நாம் வாங்கிய ரோஜாவன்று, காட்டு ரோஜாவே. ஊரிலிருந்து திரும்பிய பலர், 'செடி தழைத்திருக்கிறது, பூவைத்தான் காணோம்' என்று வியப்பதன் காரணம் இதுதான். கிளையை ஊன்றி வேர்விடச் செய்த சொந்த வேர்ச் செடியில் இத்தொல்லையில்லை. தரைமட்டத்துக்குக் காய்ந்தாலும் மீண்டும் அதே ரோஜாவே முளைக்கும். பாலியாந்தாவும் பட்டன் ரோஜாவும் கிளையிலிருந்தே எளிதில் வேர்விடுபவை. ஆண்டுதோறும் வீட்டைப் பூட்டிச் செல்லும் நம்மவர்க்குச் சொந்த வேர்ச் செடியே உற்றது.

நடும் முறை கடினமன்று. நாளுக்கு ஐந்தாறு மணி நேரம் வெயில் படும் இடம் வேண்டும். கிழக்கு முகமாயின் மிகச் சிறப்பு. ஒன்றரை அடி ஆழக் குழியில் மண்ணும் மக்கிய சாணமும் சரிபாதி கலந்து, சிறிது மணலும் வேப்பம் புண்ணாக்கும் சேர்த்து நிரப்புக. பாலியாந்தாவுக்கு இரண்டடி இடைவெளி போதும். தொட்டியாயின் பன்னிரண்டு அங்குல வாயுள்ளது வேண்டும். அடித்துளை அடைபடக் கூடாது. ஐப்பசி நடுவில் காய்ந்த கிளைகளையும் மெலிந்த கிளைகளையும் நீக்கி, எஞ்சியவற்றில் மூன்றிலொரு பங்கைக் கத்தரித்தால், ஏறத்தாழ ஐம்பது நாளில் பூக்கத் தொடங்கும். மாசியில் இளந்தளிரில் அசுவினி மொய்த்தால் தண்ணீரைப் பீச்சிக் கழுவுக. கரும்புள்ளி விழுந்து உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி அப்புறப்படுத்துக. மாலையில் இலைகள் நனையும்படி நீர் ஊற்றலாகாது. இவ்வளவே அன்றாடப் பணி.

ஊருக்குப் புறப்படுமுன் செய்ய வேண்டுவனவற்றுக்கு வருவோம். சித்திரைக்குப் பின் உரமிடுதல் கூடாது. உரம் இளந்தளிரை எழுப்பும், லூ காற்று அதைப் பொசுக்கும். பெரிதாகக் கத்தரிக்கவும் வேண்டா. மொட்டுகளை மட்டும் கிள்ளிவிட்டு, செடியைச் சுற்றிச் சருகை மூன்று அங்குலக் கனத்துக்குப் பரப்புக. தொட்டிகளைக் காலை வெயில் மட்டும் படும் சுவரோரத்தில் நெருக்கமாக அடுக்குக. தரையிலுள்ள இரண்டு செடிகளுக்கிடையே, பூச்சில்லாத ஒரு மண்பானையைக் கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி மூடிவிடுங்கள். நீர் சிறிது சிறிதாகக் கசிந்து வேரை எட்டும். எனினும், ஒரு முறை நிரப்பிய பானை சில நாளுக்குத்தான் வரும்; இரண்டு மாதத்துக்கு வாராது. பானையை நிரப்ப ஒரு மனிதர் வேண்டும்.

அம்மனிதரைத் தேடி வெகுதூரம் போக வேண்டுவதில்லை. ராமகிருஷ்ணபுரமாயினும் மயூர் விஹாராயினும், நம்மவரில் சிலர் மே மாதத்தில் புறப்படுகிறார்கள். சிலர் ஜூனில் புறப்படுகிறார்கள். இருவரும் சாவியை மாற்றிக்கொள்ள வேண்டாம். முற்றத்துக் கதவைத் திறந்துவைத்தால் போதும். மூன்று நாளுக்கொரு முறை ஒரு குடம் நீர், ஒரு செடியின் உயிர். திரும்பி வந்து பார்க்கும்போது இலையே இல்லாமற் போயிருந்தாலும் அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள். நகத்தால் பட்டையைச் சற்றே சுரண்டிப் பாருங்கள். உள்ளே பசுமை தெரிந்தால் செடி உயிரோடிருக்கிறது. முதல் மழைக்குத் துளிர்க்கும்.

மாற்றல் உத்தரவு வந்து தில்லியை விட்டே போக நேர்ந்தாலும் கவலையில்லை. குளிர்காலத் தொடக்கத்தில், பென்சில் கனமுள்ள முதிர்ந்த கிளைகளை அரையடி நீளம் வெட்டி, பாதியளவு மண்ணில் புதையுமாறு ஊன்றி, நிழலில் ஈரம் காயாமல் வைத்திருங்கள். எல்லாம் பிழைக்காது, ஆதலால் ஐந்தாறு ஊன்றுக. வேர்விட்டவற்றுள் ஒன்றை உடன் எடுத்துச் செல்லலாம். ஒன்றை, நம் செடிக்குக் கோடை முழுதும் நீர் வார்த்த வீட்டுக்குக் கொடுத்துச் செல்வது முறை.

அடுத்த மாதம், பால்கனித் தொட்டியில் கீரை விதைத்தலைப் பற்றிப் பார்ப்போம்.