கணக்கு உபாத்தியாயரும் தபால் பாடமும்

தூத்துக்குடியில் 1906-ம் வருஷத்தில் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்தார். நம் காரியத்தை நாமே நடத்தும் திறமை நமக்கு உண்டென்று அவர் உலகத்துக்குக் காட்டினார். அத்திறமை பள்ளிக்கூடத்தில் விளைய வேண்டும். அங்கே கணக்கு வகுப்பு எந்நிலையில் இருக்கிறதென்பதை நம் தேசபக்தர்கள் சிந்திக்க வேண்டுமென்று விரும்புகிறோம்.

சூத்திரத்தை மனப்பாடம் செய். எண்களை மாற்றிப் போடு. விடையின் கீழ்க் கோடிடு. பெரும்பாலான வகுப்புகளில் நடைபெறுவது இதுவே. கேள்வியைச் சிறிது திருப்பிக் கேட்டால் மாணவன் திகைக்கிறான். குற்றம் அவனுடையதன்று, உபாத்தியாயருடையதுமன்று. அவருக்கும் அவ்வாறே கற்பிக்கப்பட்டது.

இக்கடற்கரையின் முன்னோர் கணக்கை வேறு விதமாகக் கையாண்டனர். முத்துக்குளிப்பு நடந்த காலங்களில் வியாபாரிகள் முத்துக்களைத் துளையிட்ட பித்தளைச் சல்லடைகளில் சலித்து, மஞ்சாடி எடையில் நிறுத்தனர். எடையின் வர்க்கத்தை முத்துக்களின் எண்ணிக்கையால் வகுத்து வந்ததைக் கொண்டே மதிப்பிட்டனர். ஒரு மஞ்சாடி முத்து இரண்டு. இரண்டு மஞ்சாடி முத்து ஒன்று. எடை சமமே. ஆயினும் பின்னதன் மதிப்பு முன்னதைப்போல் இரு மடங்கு. ஏன்? கடைசிக் குளிப்புகள் 1961-ம் வருஷத்தோடு நின்றன. ஆனால் இக்கேள்வி இன்றும் வகுப்பில் கேட்கத்தக்கது. மாணவன் ஒரு நாழிகை யோசிக்கட்டும். அதுவே கணிதம்.

இவ்விதம் கேட்க உபாத்தியாயரைப் பழக்குவது எப்படி? மணப்பாட்டிலும் வேம்பாரிலும் உள்ளவர் வகுப்பை விட்டுவிட்டுச் சென்னைக்குச் சென்று மாதக்கணக்கில் தங்க இயலாது. ஆதலின் தொலைநிலைக் கல்வியே வழி. டில்லி சர்வகலாசாலை 1962-லேயே தபால் மூலம் கற்பிக்கத் தொடங்கிற்று; 1985-ல் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002-ல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தோன்றின. பயிற்சி பெறாத உபாத்தியாயர்கள் 2019 மார்ச்சு 31-க்குள் தகுதி பெற வேண்டுமென்று 2017-ல் சட்டம் திருத்தப்பட்டபோது, பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் மூலம் பயின்றனர். தொகை பெரிது, மறுக்கவில்லை. ஆனால் பாடத்தை அனுப்புவது வேறு, பழக்கத்தை உண்டாக்குவது வேறு. கரையில் நின்று கேட்டு முத்துக்குளிக்கக் கற்றவன் எவனுமில்லை.

நேரில் அமராமல் இதைக் கற்பிக்க முடியாதென்பார் சிலர். அவர்களுக்கு நம் விடை ஒன்றே. சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாயிருந்த ஸ்ரீனிவாச ராமானுஜன் 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். ஹார்டி அதை ஊன்றிப் படித்து, நிரூபணம் கேட்டுப் பதில் எழுதினார். தூரம் தடையாகவில்லை, ஏனெனில் ஒருவர் தாம் செய்ததை எழுதினார், மற்றவர் அதைப் படித்தார்.

ஆதலின் நாம் கோருவது இது. தொலைநிலைப் பயிற்சியில் மாதந்தோறும் இரண்டொரு புதிய கணக்குகள் உபாத்தியாயருக்குத் தமிழில் வர வேண்டும். விடையை மட்டுமன்றி, தாம் முயன்ற வழியையும் தவறிய இடத்தையும் அவர் எழுதி அனுப்ப வேண்டும். கற்றறிந்த ஒருவர் அதைப் படித்து, அவருக்கென்றே பதில் எழுத வேண்டும். அதே கணக்கை வகுப்பில் கொடுத்தபோது பிள்ளைகள் என்ன சொன்னார்களென்பதையும் அவர் தெரிவிக்க வேண்டும். பரீட்சை மதிப்பெண்ணில் ஒரு பங்கு இம்முயற்சிக்கே உரியதாகட்டும்.

இதற்குச் செலவாகும், படித்துப் பதில் எழுத ஆட்கள் வேண்டும். அச்செலவுக்கு அஞ்சி, காகிதத்தையும் படக்காட்சியையும் அனுப்பிவிட்டுப் பயிற்சி முடிந்ததென்று ஸர்க்கார் கணக்கெழுதுமாயின், அது பொய்க்கணக்கேயாகும். அதற்கு வட்டி செலுத்துவோர் நம் பிள்ளைகள்.