நடுவில் நின்றவர்கள்

1998ஆம் ஆண்டு எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், புதுச்சேரியை அடுத்த வில்லியனூரை நடுவமாக வைத்துச் சுற்றுவட்டாரக் கிராமங்களில் கணினி மையங்களைத் திறக்கத் தொடங்கியது. பணம் கனடா நாட்டின் வளர்ச்சி ஆய்வு மையத்திலிருந்து வந்தது. மின்சாரம் நினைத்தபோது போய் நினைத்தபோது வந்ததால் கூரையில் சூரிய ஒளித் தகடுகளைப் பொருத்தினார்கள். தொலைபேசிக் கம்பியை நம்ப முடியாததால் கிராமத்துக்கும் வில்லியனூருக்கும் இடையே வயர்லெஸ் வைத்தார்கள். எம்பலத்தில் மையத்துக்கு இடம் கொடுத்தது ஊர்க் கோயில். கோயிலுக்குள் கணினி என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் அப்போது வியந்து எழுதின. நமக்கு அதில் வியக்க ஒன்றுமில்லை. உத்தரமேரூர்ச் சபை 919இலும் 921இலும் தன் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கோயில் சுவரில்தான் வெட்டி வைத்தது. நிலக்கொடை, வரி, நீர்ப்பங்கு, தண்டம் எல்லாம் கல்லில் ஏறி ஊர்ப் பொதுவில் நின்றன. ஆனால் அந்தச் சுவரை வாசிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? சுவர்வரை வர விடப்பட்டவர்கள்தாம் யார் யார்? மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் கால்வைக்க 1939 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே, மையம் வேண்டுமென்று கேட்கும் ஊர் எல்லாச் சாதியாருக்கும் கதவைத் திறந்து வைக்கவேண்டும் என்று அந்த நிறுவனம் நிபந்தனை போட்டதே, அதுதான் கணினியைவிடப் புதிய சரக்கு.

மையத்தில் என்ன இருக்கவேண்டும் என்பதை முடிவு செய்யும் முன் அவர்கள் ஊர் ஊராகப் போய் ஒரு கேள்வி கேட்டார்கள்: உங்களுக்கு ஒன்று தெரியவேண்டுமென்றால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்? பக்கத்து வீடு, மளிகைக் கடைக்காரர், உரக்கடைக்காரர், சந்தையில் பார்க்கும் ஆள் என்றுதான் பதில் வந்தது. அந்த வாய்மொழி வலையின்மேல்தான் கணினியை வைத்தார்கள். நெல் என்ன விலை, எந்த ஆஸ்பத்திரியில் எந்த டாக்டர் எந்த நாளில் இருப்பார், முதியோர் உதவித்தொகைக்கு யாரிடம் எந்தத் தாளைக் கொடுப்பது, பேருந்து எத்தனை மணிக்கு என்று பெரிய உலகம் ‘தகவல்’ என்ற பெயரில் மதிக்காத சிறு சிறு விவரங்களை உள்ளூர்ப் பெண்கள் தொகுத்துக் கணினியில் ஏற்றினார்கள். பள்ளிப் படிப்போடு நின்றுபோயிருந்த பெண்கள் பலர் விசைப்பலகையில் தமிழ் தட்டக் கற்று, கேட்டு வருவோருக்கு வாசித்துச் சொன்னார்கள். கன்று ஈன முடியாமல் துடித்த ஒரு பசுவுக்காக, மையத்தில் இருந்த பட்டியலைப் பார்த்து மாட்டு வைத்தியரை வரவழைத்த கதை அந்நாளில் நாளேடுகளில்கூட வந்தது. வீராம்பட்டினத்தில் மீனவர்கள் கேட்டது வேறு. அலை எவ்வளவு உயரம் எழும், காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்பதே அவர்கள் கேள்வி. அமெரிக்கக் கடற்படை தன் கப்பல்களுக்காகக் கணித்து வெளியிட்ட வங்கக்கடல் அலை உயரத்தை வில்லியனூரில் இறக்கி, வீராம்பட்டினத்துக்கு அனுப்பி, அங்கே ஒரு பெண் அதைத் தமிழில் ஒலிபெருக்கியில் வாசிப்பார். வல்லரசின் போர்க்கப்பலுக்குச் சொன்ன செய்தி, கட்டுமரக்காரர் வலையைத் தோளில் போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய உதவியது.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை, அதே கடற்கரையில் உள்ள நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அழைத்தவர் அந்த ஊர்ப் பிள்ளை. முன்பு அவ்வூர்க் கணினி மையத்தில் தன்னார்வலராக இருந்துவிட்டு வேலைக்காகக் கடல் கடந்தவர். சுமத்ரா நிலநடுக்கத்தையும் ஆழிப்பேரலையையும் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு வீட்டுக்குப் பேசியிருக்கிறார். தண்ணீர் ஏறுகிறது என்று வீட்டில் சொன்னார்கள். உடனே ஓடுங்கள், ஊருக்கும் சொல்லுங்கள் என்றார் அவர். மையம் பூட்டிக் கிடந்தது. பூட்டை உடைத்துத்தான் ஒலிபெருக்கியை எடுத்தார்கள். 3,000க்கும் மேற்பட்டோர் வாழ்ந்த அந்த ஊர் மேட்டை நோக்கி ஓடிப் பிழைத்தது. வீடுகளும் படகுகளும் போயின. அதே காலைப்பொழுதில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நல்லவாட்டு நிகழ்வைத் தகவல் தொழில்நுட்பத்தின் வெற்றி என்று பிறகு எத்தனையோ மேடைகளில் சொல்லிவிட்டார்கள். உண்மையில் அன்று கணினிக்கு வேலையே இல்லை. ஒரு தொலைபேசி, ஒரு ஒலிபெருக்கி, ஊரை மறக்காத ஒருவர், இவ்வளவுதான். அதோடு இன்னொன்றும் இருந்தது. அந்த ஒலிபெருக்கி சொன்னால் சரியாக இருக்கும் என்று ஆண்டுக்கணக்கில் கேட்டுப் பழகிய காது. நிதி கொடுத்தவர்களின் அறிக்கையில் அந்தக் காதுக்குக் கட்டம் கிடையாது.

அந்த ஒலிபெருக்கிக்கும் ஒரு முன்கதை உண்டு. 1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியும் அவரைப் போன்ற ஆர்வலர்களும் சென்னை மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கினார்கள். லாபம் தேடாத சங்கம். சந்தாவும் நன்கொடையும்தான் மூலதனம். மூன்றே ஆண்டுகளில் காசு தீர்ந்தது. 1927இல் ஒலிபரப்பு நின்றுபோக, கருவி சென்னை மாநகராட்சியின் கைக்குப் போனது. 1930 ஏப்ரல் முதல் மாநகராட்சியே ஒலிபரப்பத் தொடங்கியது. ரேடியோப் பெட்டி வாங்க வழியில்லாதவர்களும் கேட்கட்டும் என்று மெரினாவில் ஒலிபெருக்கி கட்டினார்கள். மணலில் உட்கார்ந்து சங்கீதம் கேட்ட அந்தக் கூட்டம், ‘இல்லாதவருக்கும் எட்டவேண்டும்’ என்ற எண்ணம் ஓர் அரசு அமைப்பின் வரவுசெலவில் ஏறியதன் தொடக்கக் காட்சிகளில் ஒன்று. பிறகு பஞ்சாயத்து ரேடியோ வந்தது. பூங்கா நடுவிலோ ஊராட்சி அலுவலகத்திலோ ஒரு பெட்டி, கம்பத்தில் ஒரு குழாய், அதைத் திறந்து மூட ஓர் ஆள். அறுபதுகளில் தஞ்சை விவசாயிகள் ஆடுதுறை 27 ரக நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். திருச்சி வானொலி அதைப் பற்றி அவ்வளவு பேசியிருந்தது. ஆனால் வானொலி சொன்னதை வரப்பில் நின்று, உன் வயலுக்கு எத்தனை மூட்டை உரம், நாற்றுக்கு எத்தனை நாள் என்று பிரித்துச் சொன்ன விரிவாக்கப் பணியாளர் பெயரை நெல்லுக்கு யாரும் வைக்கவில்லை.

நடுவில் நிற்பவருக்குப் பெயர் இல்லாமல் போவது நம் வரலாற்றில் திரும்பத் திரும்ப வருகிறது. பட்டாளத்துக்குப் போன மகன் எழுதிய கடுதாசியைத் திண்ணையில் உட்கார்ந்து தாய்க்கு வாசித்துக் காட்டிய தபால்காரர், சம்பளத்தில் சேராத வேலையைச் செய்தவர். கலெக்டர் அலுவலக மரத்தடியில் தட்டச்சுப் பொறியோடு அமர்ந்து, ‘மகாகனம் பொருந்திய’ என்று தொடங்கி அழுகையை விண்ணப்பமாக மாற்றியவர் காசு வாங்கிக்கொண்டார். ஆனாலும் அவர் இல்லாமல் மனு இல்லை. நடுவில் நிற்பவர் எல்லோரும் நல்லவர் என்றும் சொல்லிவிட முடியாது. அடங்கலையும் சிட்டாவையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தெரிந்தது தனக்கு மட்டும் என்பதையே அதிகாரமாக்கிய கர்ணம்களை நம் பாட்டன்மார் அறிவார்கள். பரம்பரைக் கர்ணம், கிராம முன்சீப் பதவிகள் 1980இல்தான் ஒழிந்தன. கர்ணம் அறிவைப் பூட்டி வைத்தார். கணினி மையத்துப் பெண்கள் அதையே ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். இரண்டு பேரும் உட்கார்ந்த இடம் ஒன்றுதான்.

அந்த இடத்தில் யார் உட்காருவது என்பதைப் பற்றி ஊன்றி யோசித்தது தொண்ணூறுகளின் அறிவொளி எழுத்தறிவு இயக்கம். புதுக்கோட்டையில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் காலத்தில், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தாரும் ஊர் இளைஞர்களும் லாந்தர் வெளிச்சத்தில் மாலை வகுப்பு நடத்தினார்கள். கல்குவாரியில் கல் உடைத்த பெண்கள் அங்கே எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். படிப்புக்கும் சைக்கிளுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டவர்கள் இருந்தார்கள். சைக்கிள் ஓட்டிய பெண்கள் கேட்கவில்லை. யாரையும் எதிர்பாராமல் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக முடிந்ததும் எழுத்து அவர்களுக்குப் பயன்படத் தொடங்கியது. இயக்கம் ஓய்ந்தபின், தொடர்ந்து வாசிக்க நூலோ ஆளோ இல்லாத ஊர்களில் கற்ற எழுத்து மெல்ல மறந்தும் போனது.

மேலூரிலும் அதுவே. 2001இல் ஐ.ஐ.டி. மதராஸும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து மதுரை மாவட்டத்து மேலூர் வட்டாரக் கிராமங்களில் கம்பியில்லா இணைப்போடு கணினி நிலையங்களை நிறுவின. சாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் தாலுகா அலுவலகத்துக்கு அலையாமல் ஊரிலிருந்தே விண்ணப்பிக்கலாம். கண்ணில் கோளாறு என்றால் படம் பிடித்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி யோசனை கேட்கலாம். நன்றாகத்தான் போயிற்று. ஆதரவாக இருந்த அதிகாரி மாற்றலாகிப் போனார், அடுத்து வந்தவருக்கு இதில் நாட்டமில்லை, விண்ணப்பங்கள் தேங்கின, வருமானம் குறைந்தது, பழுதான கருவியைச் சரிபார்க்க ஆள் வரவில்லை. சில ஆண்டுகளுக்குள் பெரும்பாலான நிலையங்கள் மூடிக் கிடந்தன. ரேடியோ கிளப்பின் மூன்று ஆண்டுக் கதையை எழுபத்தைந்து ஆண்டு கழித்து நாம் மீண்டும் ஒருமுறை நடத்திப் பார்த்தோம் என்றே தோன்றுகிறது.

பிறகு எல்லார் கையிலும் கைப்பேசி வந்தது. இனி நடுவில் யாரும் வேண்டாம் என்று திட்டம் தீட்டுபவர்கள் மகிழ்ந்தார்கள். நூறு நாள் வேலைக்கு வருகைப் பதிவு இப்போது செயலியில், படத்தோடு. கோபுரம் எட்டாத ஏரிக்கரையில் பணித்தளப் பொறுப்பாளர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிக்னல் தேடுகிறார். எடுத்த படம் ஏறாவிட்டால் மண் சுமந்தவர்களின் அன்றைய கூலி ஐயத்துக்கு உள்ளாகிறது. ரேஷன் கடையில், வாழ்நாளெல்லாம் நாற்று நட்டுத் தேய்ந்த விரலின் ரேகையை இயந்திரம் ஏற்க மறுக்கிறது. பாட்டி தன் ஓ.டி.பி. எண்ணைப் பேரனிடம் கேட்கிறாள். பேரன் வெளியூரில் இருந்தால் இ-சேவை மையத்தில் காசு கொடுத்துக் கேட்கிறாள். மரத்தடி மனு எழுத்தர் இப்போது கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருக்கிறார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை; வாடகை அவர் கொடுக்கிறார், மின்கட்டணமும் அவருடையது. நடுவில் ஆளே இல்லை என்று காகிதத்தில் அழித்துவிட்டால் அந்த வேலை மறைந்துவிடாது. கூலியில்லாமல் பேரன் தலையிலோ, கட்டணத்தோடு பாட்டி தலையிலோ விழுகிறது.

கடலிலும் கதை முடியவில்லை. 2017 நவம்பர் 30 அன்று ஓகி புயல் குமரிக் கடலைக் கலக்கியபோது தூத்தூர் வட்டார மீனவர்கள் பலர் ஆழ்கடலில், கரையிலிருந்து பல நாள் தொலைவில் இருந்தார்கள். கைப்பேசியின் வீச்சு கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரோடு சரி. கணிப்பு இருந்தது, செய்தி இருந்தது, சேர வழியில்லை. செயற்கைக்கோள் வழியாகப் படகுக்கே எச்சரிக்கை அனுப்பும் கருவிகள் அதன் பிறகுதான் வந்தன. இடைவெளியை ஓர் இடத்தில் அடைத்தால் அது இன்னும் ஆழமான இடத்துக்கு நகர்ந்து நின்றுகொள்கிறது.

பெருந்தொற்றில் பள்ளிகள் மூடியபோது கல்வித் தொலைக்காட்சி வீட்டுக்குள் பாடம் அனுப்பியது. ஆனாலும் 2021இல் இல்லம் தேடிக் கல்வி என்று ஏறத்தாழ 2 லட்சம் தன்னார்வலர்களைத் தெருத்தெருவாக அமர்த்த வேண்டித்தான் வந்தது. பெரும்பாலும் இளம்பெண்கள், ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாய். அறிவொளியின் பேத்திகள் என்று சொல்லலாம் அவர்களை. பிறகு மகளிர் உரிமைத்தொகை விண்ணப்பங்களைக் கைப்பேசியில் பதிவு செய்யவும் அவர்களையே கூப்பிட்டார்கள். கூப்பிட்டால் வருவார்கள் என்ற நம்பிக்கை நமக்கு எப்போதும் இருக்கிறது. அந்த நம்பிக்கைதான் அவர்களுக்கு நாம் செய்யும் அநீதியோ என்றும் சில சமயம் படுகிறது.

இந்தச் சுழலிலிருந்து ஒரே ஒருமுறை கொஞ்சம் விலகிப் போயிருக்கிறோம். சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1928இல் சென்னை நூலகச் சங்கத்தை எழுப்பியவர்களில் ஒருவர். 1931இல் மன்னார்குடிப் பக்கம் கனகசபைப் பிள்ளை ஒரு மாட்டுவண்டியில் புத்தகங்களை அடுக்கி ஊர் ஊராக அனுப்பினார். வண்டி வரும், நூல்கள் கைமாறும், அடுத்த நடையில் திரும்பும். அதுவும் தனிமனித ஆர்வத்தில் ஓடிய வண்டிதான். மாடும் சக்கரமும் ஓய்ந்தால் நின்றிருக்க வேண்டியதுதான். ஆனால் ரங்கநாதனும் சங்கத்தாரும் ஆண்டுக்கணக்கில் விடாமல் வாதாடினார்கள். 1948இல், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. நூல் வாங்கவும் இடம் பிடிக்கவும், முக்கியமாக அங்கே உட்காரும் ஆளுக்குச் சம்பளம் கொடுக்கவும், வீட்டு வரியோடு நூலக வரி வசூலிக்க அச்சட்டம் வழி செய்தது. நன்கொடையாளரின் மனநிலையையும் அதிகாரியின் மாற்றல் உத்தரவையும் பொறுத்திராத பணம் அது. குறைகள் நிறைய. வசூலித்த வரியை நூலகத் துறையிடம் ஒப்படைக்க உள்ளாட்சிகள் சுணங்குவது பழைய வழக்கம். ஊர்ப்புற நூலகர்கள் காலமுறை ஊதியம் கேட்டுக் கொடி பிடிப்பதும் நின்றபாடில்லை. இருந்தும், தமிழ்நாட்டில் சொத்து வரி கட்டுகிறவர்கள் இன்றும் அதில் 10 விழுக்காட்டை நூலக வரியாகச் சேர்த்தே கட்டுகிறார்கள். அலை உயரத்தை வாசித்த பெண்ணுக்கும், ஏரிக்கரையில் சிக்னல் தேடும் பொறுப்பாளருக்கும், பாட்டிக்கு ஓ.டி.பி. படித்துச் சொல்லும் பிள்ளைக்கும் அந்த ரசீதில் இன்னும் தலைப்பு எழுதப்படவில்லை.