விளையாட்டு மொழிக்குப் பகையா?

விளையாட்டு வாசிப்பைக் கெடுக்கும் என்பது ஆசிரியர் பலரின் தீர்ப்பு. எந்த விளையாட்டு என்று ஆராயாமல் வழங்கிய தீர்ப்பு அது.

1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் உருவாக்கிய 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்னும் மேசை விளையாட்டு வெளிவந்தது. அதில் ஒருவர் கதையை நடத்துவார்; காட்சியைச் சொல்லால் தீட்டுவார். ஏனையோர் கதைமாந்தராகித் தாம் செய்வதை வாய்மொழியால் உரைப்பர். செயல் வெல்லுமா என்னும் ஐயம் எழுமிடத்துப் பகடை முடிவு கூறும்.

அவ்விளையாட்டில் ஈடுபாடு கொண்டிருந்த வில் குரோதர் என்னும் கணினி வல்லுநர், தாம் அளந்தறிந்த கெண்டக்கி மாநிலத்துக் குகையை அடியாகக் கொண்டு, தம் புதல்வியர்க்கென 'அட்வெஞ்சர்' என்னும் கணினி விளையாட்டை இயற்றினார். டான் வுட்ஸ் அதனை 1977இல் விரிவாக்கினார். அதில் படமில்லை, எழுத்து மட்டுமே உண்டு. வருணனையைப் படித்து, 'விளக்கை எடு' என்பது போன்ற ஆங்கிலக் கட்டளையைத் தட்டெழுதினால்தான் கதை நகரும். படியாதவன் இருளிலேயே நிற்பான்.

இவை வாசிப்பைக் கெடுத்தனவா? வாசிப்பையன்றோ வழியாக்கின!

மாதிரிக் கட்டுரையை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் மாணவன் ஒரு சொல்லையும் தானே தேர்வதில்லை. கதையாடலில் அவன் சொல்லே அவன் செயல். சொல் பிழைத்தால் செயலும் பிழைக்கும். மொழியைக் கெடுப்பது விளையாட்டா, மனப்பாடமா?

இதற்குப் பெரும்பொருள் வேண்டா. ஒரு பகடையும், கதை சொல்லத் தெரிந்த ஓர் ஆசிரியரும் போதும். தமிழ் வகுப்பில் அத்தகைய கதையொன்றை நடத்திப் பார்க்கட்டும். பிறகு தீர்ப்பு வழங்கட்டும்.